இரண்டாவது சிலிண்டர்

திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தினாள்.

டக். டக். டக்.

ஐந்து வருடமாக அவள் ஓட்டும் டிராக்டர். ஏழு ஏக்கரையும் இதை வைத்துத்தான் உழுதாள். இப்படியொரு சத்தம் இதில் ஒருநாளும் வந்ததில்லை.

பத்தடி தள்ளிக் கிணறு. ஆற்றோரக் கிணறு என்பதால் ஆழம் இருபதடிதான். காலையில் சேறு அள்ள இறங்கிய அவள் புருஷன் நாச்சிமுத்து அடியில் கிடந்தான். பக்கச்சுவர் சரிந்து, ஒரு பாறாங்கல் அவன் இடது காலின் மேல் உட்கார்ந்துவிட்டது. சுவர் சரிந்த இடத்தில் ஊற்று திறந்துகொண்டது.

கரண்ட் இல்லை. டிராக்டரின் பின்னால் மாட்டிய பம்புதான் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது.

இன்ஜின் நின்றால் தண்ணீர் ஏறும்.

தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாம். தரைப்பாலம் முழுகிக் கிடக்கிறது. சுற்றி வர ஒரு மணி நேரம்.

வேகத்தைக் குறைத்தாள். சத்தம் தணிந்தது. குழாயில் கொட்டும் தண்ணீரும் தணிந்தது.

"அம்முணி." கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல். "வண்டிச் சத்தம் என்னமோ மாறுதே?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க பேசாம இருங்க."

மறுபடி வேகத்தைக் கூட்டினாள்.

திருப்புளியை இன்ஜின் தலையில் வைத்தாள். சத்தம் மங்கல். கொஞ்சம் கீழே. கூடியது. ஆயில் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோது காதுக்குள் ஆணி இறங்கியது.

மேலே கேட்டால் வால்வு. டீசல் பீச்சும் நாசிலாகக்கூட இருக்கலாம். ஓடவிடலாம்.

கீழே கேட்டால் ஓடவிடக் கூடாது.

எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் நிற்கிறது என்று பார்க்க, அவள் ஸ்பேனரை எடுத்தாள். முதல் சிலிண்டருக்குப் போகும் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தினாள். டீசல் மணிக்கட்டில் பீச்சியடித்தது. இன்ஜின் தடுமாறியது. ஆனால் டக், டக் அப்படியே இருந்தது.

இறுக்கினாள்.

மூன்றாவது. அப்படியே இருந்தது.

இறுக்கினாள்.

இரண்டாவதைத் தளர்த்தினாள்.

சத்தம் அடங்கியது. அடியில் ஒரு லொடலொடப்பு மட்டும் மிஞ்சியது.

வேறு எதுவாகவும் இருக்கட்டும் என்றுதான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பேரிங் போய்விட்டது. இரண்டாவது பிஸ்டனைத் தாங்கும் தண்டு ஆடுகிறது. முழு வேகத்தில் ஓடினால் கொஞ்ச நேரத்தில் முறிந்து இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்த நட்டை அவள் இறுக்கவில்லை. மிச்சம் இரண்டு சிலிண்டரில் ஓடட்டும். தீயணைப்பு வண்டி வரும்வரை நொண்டியாவது ஓடட்டும்.

நொண்டி ஓடியது. குழாயில் பாதித் தண்ணீர்தான் வந்தது.

"அக்கா!"

பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன். டிராக்டரின் ஜாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தான். இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே நான்கு பேர் பிடித்திருந்தார்கள்.

"கல்லுக்கடியில ஜாக்கி நிக்க மாட்டீங்குது அக்கா. ஒண்ணுமே தெரியல. தண்ணி முழங்காலுக்கு எறங்கோணும். இங்க ஏறிட்டே வருது."

"எவ்வளவு ஏறியிருக்குது?"



"அண்ணன் கழுத்துக்கு வந்திருச்சு."

நாச்சிமுத்து பேசவில்லை. பேசாமல் இருக்கச் சொன்னது அவள்தான்.

இரண்டு சிலிண்டர் என்றால் இன்ஜின் ஒரு மணி நேரம் தாங்கும். கிணற்றில் கிடப்பவன் தாங்க மாட்டான். மூன்றும் ஓடினால் தண்ணீர் இறங்கும். ஆனால் கல் நகர்வதற்குள் இன்ஜின் போய்விட்டால், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

அவள் குனிந்து கேட்டாள். அந்த லொடலொடப்பில் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சமிருக்கிறது என்று கேட்டாள்.

"சென்னியப்பா! தண்ணிய எறக்கறேன். பத்து நிமிசந்தான். அதுக்கு மேல இது தாங்காது."

"பத்து நிமிசமா?"

"பத்துதான்!"

ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை நட்டை இறுக்கினாள். வேகத்தைக் கடைசிவரை தள்ளினாள்.

டக் டக் என்று இருந்தது இப்போது சம்மட்டி அடியானது. மண் அதிர்ந்தது. கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர் பயந்து தள்ளி நின்றார். குழாயில் தண்ணீர் முழு வாயில் கொட்டி வாய்க்காலை நிறைத்தது.

இருந்த ஆயிலை எல்லாம் உள்ளே ஊற்றினாள். கறுப்புப் புகை வந்தது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. அவள் முள்ளைப் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எறங்குது அக்கா!"

சம்மட்டி.

"இடுப்புக்கு வந்திருச்சு!"

சம்மட்டி.

"கல்லு தெரியுது! ஜாக்கி நின்னிருச்சு!"

படார்.

இன்ஜினின் வயிற்றைப் பொத்துக்கொண்டு இரும்பு வெளியே வந்தது. கொதிக்கும் ஆயில் அவள் பாதத்தில் தெறித்தது. குழாயில் கடைசித் தண்ணீர் விக்கி நின்றது.

காலையிலிருந்து அந்தத் தோட்டத்தில் இல்லாத அமைதி.

அந்த அமைதியில் கிணற்றடியில் ஜாக்கி திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. கிறீச். கிறீச். நிற்கும். கிறீச்.

கூடவே ஊற்றின் சத்தமும்.

பிறகு ஓர் அலறல். அது நாச்சிமுத்துவுடையது.

அப்புறம் ஒன்றுமில்லை.

"அண்ணனைக் கட்டியாச்சு! இழுங்க!"

கயிறு இறுகியது. கப்பி முனகியது.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. சூடான இன்ஜினைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கயிறு வழுக்கியது. பிடித்துக்கொண்டார்கள். மறுபடி இழுத்தார்கள். சுவரில் மண் உதிர்ந்தது.

பிறகு, சுவர்க் கல்லில் அவன் ஒரு கால் ஊன்றும் சத்தம்.

இடைவெளி.

மறுபடி அதே கால்.

இடது காலின் சத்தத்துக்காக அவள் காத்திருக்கவில்லை. கயிற்றைப் பிடிக்க ஓடினாள்.