ராக்கம்மாளின் சிவந்த கால்

"அடியே முத்துத்தாயி, உன் மாமியா காலைப் பாத்தியா? மருதாணி வச்சிருக்கு."

நாற்று முடியோடு நிமிர்ந்தாள் முத்துத்தாய். வரப்பில் கஞ்சிக் கலயத்தோடு ராக்கம்மாள் வந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கால் விரலெல்லாம் செக்கச் செவேலென்று இருந்தது. புருஷன் செத்த நாளிலிருந்து பூவைக்கூடத் தொடாத மனுஷி.

"மகன் செத்து வருஷம் திரும்பல. கெழவிக்கு வந்த ஆசையைப் பாரு" என்றாள் நடவுக்கு ஆள் சேர்க்கும் சின்னத்தாய். அப்புறம் நடவுப் பாட்டு நின்றுபோய் இதுவே பாட்டாயிற்று.

முத்துத்தாய்க்கு உடம்பு கூசியது. அவள் காலோ தீயாய் எரிந்தது. பெரியாற்றுத் தண்ணீர் திறந்ததிலிருந்து சேற்றிலேயே நின்று வந்த சேற்றுப்புண். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாய் வெந்து, தோல் உரிந்து நாறியது. வேப்பெண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் கேட்கவில்லை. மருதாணியை அரைத்து அப்பச் சொன்னாள் மாமியார். இவள்தான் மறுத்துவிட்டாள்.

"தாலியறுத்தவ காலு செவந்தா, மருந்துன்னா நெனப்பாக? காறித் துப்புவாக அயித்த."

"நாளைக்கும் நொண்டுனா நீ வர வேணாம்" என்று சின்னத்தாய் காலையிலேயே சொல்லியிருந்தாள். நடவு வேலை கையைவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது கண்மாய்க்கரையில் அதே பேச்சு, கடை வாசலிலும் அதே பேச்சு. ராக்கம்மாள் ஒரு தெரு பாக்கியில்லாமல் சுற்றி வந்திருக்கிறாள்.

வீட்டில் அவள் அம்மியில் மறுபடியும் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். முத்துத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"புண்ணு வந்தும் மானத்துக்குப் பயந்து நான் வைக்கல. சேத்துல எறங்காத உங்க காலுக்கு எதுக்கு அயித்த இது? செத்துப்போன உங்க மகனையாச்சும்..."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ராக்கம்மாள் அம்மியை விட்டு எழுந்தாள். மருமகளை உட்கார வைத்து, வெந்நீரில் காலைக் கழுவினாள். பழந்துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரம் போக ஒற்றினாள்.

"வயல விட்டு ஏறுனதும் இப்பிடித் தொடைக்கணும். ஈரத்தோட விட்டா எம்புட்டு மருந்து போட்டாலும் திரும்ப வரும்."

சொல்லிக்கொண்டே மருதாணி விழுதை வழித்தெடுத்தாள். முத்துத்தாய் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அயித்த. ஊரு பேசும்."

"பேசாது தாயி. பேச வேண்டியதையெல்லாம் இன்னைக்கு என் காலைப் பாத்தே பேசித் தீத்துட்டாக. நீ காலை நீட்டு."