ஒற்றைப் பாறை வளைவு

“பிரேக்கத் தொடாதீங்க. இறக்கம் வருது.”

டிரைவர் தலையாட்டினார். கிளச்சை மிதித்து முதல் கியருக்கு மாற்றினார். முன் கண்ணாடி முழுக்கச் சேறு. வைப்பர் வழித்த அரைவட்டத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மேலே தகரத்தில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

இடப்பக்க இருக்கையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். போன மழைக்காலம் வரை அது அவள் தம்பியின் இடம். லோடு ஏற்ற, இறக்க, சேற்றில் புதைந்த சக்கரத்துக்குக் கல் போட என்று மாமாவோடு கூடவே போய் வந்தவன்.

“மூங்கில் புதர் தாண்டியாச்சா?” என்று கேட்டாள்.

“தாண்டியாச்சு. இனிமே ரெண்டு பக்கமும் பள்ளம்.”

“எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல இந்த வழியாத்தானே கூட்டிட்டுப் போனீங்க. மலை உச்சியில நிறுத்தி, அழகப் பாருன்னீங்க. நான் வாந்திதான் எடுத்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. முன்பென்றால் இந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவரே அவர்தான். இப்போது அவர் முகம், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது.

மலை முகட்டின் மேல், ஒரு ஜீப் அகலத்துக்கு ஓடும் காட்டுப் பாதை அது. அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரே விதி: வழுக்கினால் பிரேக்கைத் தொடக்கூடாது. வழுக்குகிற பக்கமே ஸ்டியரிங்கை விட்டு, ஆக்ஸிலேட்டரில் காலை லேசாக வைத்தால் வண்டி தானாக நிமிர்ந்துகொள்ளும். புதிதாக வரும் டிரைவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவர், தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அதை மீறினார்.

அன்று ஒற்றைப் பாறை வளைவில் மச்சான் முன்னால் இறங்கி நின்று, “வா மாமா, வா” என்று கை காட்டினான். வண்டி அவனை நோக்கி வழுக்கியது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி அப்படியே பக்கவாட்டில் சுழன்று அவனைத் தட்டிவிட்டது. இடது பக்கப் பள்ளத்தில் அவன் சத்தம் கூடக் கேட்கவில்லை.

நேற்றும் அந்த வளைவில்தான் உறைந்து போனார். முந்தாநாளும் அப்படியே. நாளைக் காலையில் வண்டியை விலைக்கு எடுக்க ஆள் வருகிறான். வண்டி போனால் மனுஷனும் திரும்ப மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டியரிங் வலதுபக்கம் வெட்டித் திரும்பியது. அவர் தோள் அதோடு சேர்ந்து சாய்ந்தது. மறுபடி இடது, மறுபடி வலது.

“டீ ஆறுது. ஒரு வாய் குடிங்க.”

“அப்புறம். வளைவு வருது.”

டேஷ்போர்டின் மேல் டம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. டீயின் மேல் மெல்லிய ஆடை சுருக்கமில்லாமல் படிந்திருந்தது.

“பாறை,” என்றார். வலது கால் பிரேக்கின் மேல் போய் அழுந்தியது.

“கால எடுங்க.”

“முன்னாடி நிக்கிறான்.”

“யாரும் நிக்கல.”

“கை காட்டுறான் பாரு. வான்னு கூப்புடுறான்.”

அவள் கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். அழுது முடித்தவர்களுக்கு வருகிற மேடு பள்ளம் இல்லாத குரலில் சொன்னாள்:

“இன்னிக்கு அவன நான் இறங்க விடல. அவன் எடத்துல நான் உக்காந்திருக்கேன். முன்னாடி வெறும் சேறுதான்.”

“வழுக்குது.”

“வழுக்கட்டும். வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களே, வழுக்கினா என்ன செய்யணும்?”

“போற பக்கமே விடணும்.”

“அப்ப விடுங்க.”

ஸ்டியரிங் இடதுபக்கம் மெல்லச் சுழன்றது. பிரேக்கில் ஒட்டியிருந்த கால், ஏதோ சேற்றிலிருந்து பிடுங்குவது போல எழும்பி, ஆக்ஸிலேட்டரின் மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு ஸ்டியரிங் நேரானது.

“தாண்டியாச்சா?”

“தாண்டியாச்சு.”

அவர் பின்னால் திரும்பி வெகுநேரம் பார்த்தார். “அவன் அங்கயே நிக்கிறான்,” என்றார்.

“நிக்கட்டும். நாம போற வழிதானே. போறப்ப வர்றப்ப பாத்துக்கலாம்.”

அவர் டம்ளரை எடுத்தார். விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

“பச்சத் தண்ணி மாதிரி இருக்கு.”

“அப்பவே குடிக்கச் சொன்னேன். எம்பேச்ச எப்பக் கேட்டிருக்கீங்க?”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. காலி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“நான் கழட்டிப் போட்ட சக்கரம் நாலையும் எங்க வச்சிருக்க?”