மாற்று வீரர்

"காது இப்ப எப்படிண்ணா இருக்கு? தலைசுத்தல் நின்னுச்சா?"

கதவைத் திறந்ததும் அவள் கேட்டது அதைத்தான்.

விண்கலம் வெடித்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அதில் போயிருக்க வேண்டியவன் வாசலில் நின்ற அவன். போனது அவள் கணவன்.

"பரவாயில்லம்மா" என்றபடி அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தான். "விமானப்படை ஆபீஸ்ல அவன் அலமாரியில இருந்ததெல்லாம். நானே கொண்டுபோறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். சவரக் கத்தி. பறந்த மணிக்கணக்கு எழுதிய நோட்டு. கண்ணாடிச் சட்டமிட்ட மகளின் படம்.

"சோதனை விமானம் ஓட்டின பன்னெண்டு வருஷத்துல ரெண்டு தடவை பாராசூட்ல குதிச்சிருக்காரு. மறுநாளே சிரிச்சுக்கிட்டு வேலைக்குப் போனாரு. இந்த மாற்று வீரர் வேலைதான் மனுஷனை உள்ளுக்குள்ள அரிச்சிடுச்சு. இதுக்கு முன்னாடி மூணு பயணத்துக்கு அளவெடுத்து உடுப்பு தச்சாங்க. மூணு தடவையும் வேற யாரோ ஏறிப் போனாங்க, இவர் கையாட்டிட்டு வீட்டுக்கு வந்தாரு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கிளம்ப ரெண்டு நாள் இருக்குறப்போ எனக்குக் காது இப்படி ஆகி, எனக்குப் பதிலா அவனை ஏத்துவாங்கன்னு யாரு கண்டா? எல்லாரும் என்னை அதிர்ஷ்டசாலிங்கறாங்கம்மா. கேட்டாலே உடம்பு கூசுது."

"அழாதீங்க. உட்காருங்க முதல்ல."

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தான்.

"பயிற்சிக் காலத்துல ஒரே ரூம்ல கெடந்தவங்க நாங்க. உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு இத்தனை நாளா வரல. என்மேல அவனுக்கு ஏதாவது வருத்தம்..."

"வருத்தமா? அதெல்லாம் இல்லண்ணா. ஏறுறதுக்கு முன்னாடி போன் பண்ணினாரு. பாதி நேரம் உங்களைப் பத்தித்தான் பேசினாரு."

"என்னைப் பத்தியா? என்ன சொன்னான்?"

அவள் பொருட்களைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கினாள். குரல் உயரவில்லை.

"'அவன் காதுல ஒரு கோளாறும் இல்ல, டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. பயந்துட்டான், பாவம். வெளியில தெரிஞ்சா அப்புறம் எந்த விமானத்துலயும் ஏத்த மாட்டாங்க, நீ யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னாரு. இதுவரைக்கும் சொல்லலண்ணா."