கழுத்து நின்ற பிள்ளை

“பெத்தவங்க கையால தூக்கிக் குடுக்கணும், வளர்க்கறவங்க வாங்கிக்கணும். அப்பதான் தத்துப் பத்திரம் செல்லும். நீங்க என்னைக்குக் குடுத்தீங்க?” என்று கேட்டார் வக்கீல்.

அக்கா செங்கமலமும் தங்கை பூரணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குடுக்கவே இல்ல மேடம். இவ பச்சைப்புள்ளையா இருந்தப்ப எனக்கு மஞ்சக்காமாலை. அக்கா தூக்கிட்டுப் போனா. அப்படியே அங்கயே வளர்ந்துட்டா” என்றாள் பூரணி, அக்காவிடமிருந்த பிள்ளையைக் காட்டி.

“அப்ப இங்கயே குடுத்துடுங்க. நான் போட்டோ எடுத்துக்கறேன்.”

கொடுப்பதற்கு முதலில் பூரணியிடம் பிள்ளை இருக்க வேண்டுமே. செங்கமலம் தன் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஐந்து வயது ஆதிரையைத் தூக்கித் தங்கையின் கைகளில் கிடத்தினாள். பிள்ளையின் கால்கள் பூரணியின் முழங்கால்வரை தொங்கின. ஆனாலும் அவளுடைய இடது உள்ளங்கை தானாகப் போய்ப் பிள்ளையின் பிடரியைத் தாங்கிக்கொண்டது.

ஆதிரைக்குக் கூசியது. “என்ன சித்தி பண்ற?” என்று சிரித்தாள்.

செங்கமலமும் சிரித்தபடி இரண்டு கைகளையும் நீட்டினாள். “விடுடி, அவளுக்குக் கழுத்து நின்னு எவ்வளவு வருசமாச்சு.”

வக்கீல் செல்போனை உயர்த்திப் பிடித்தார். “ம், இப்பக் குடுங்கம்மா.”

“தெரியும்க்கா” என்றாள் பூரணி. உள்ளங்கையை எடுக்கவில்லை.