முருகனை இறக்கிய பெட்டி

முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் கடவுளை மறுத்து முழங்கிய செங்குட்டுவனாரின் வீட்டில், அவருடைய மனைவி தெய்வானை நாள் தவறாமல் முருகனுக்கு விளக்கேற்றி வந்தார். அந்த மாலை விளக்கு எரியவில்லை. முருகன் படம் பழைய புடவையில் சுற்றிக் கிடந்தது.

"இதை யார் இறக்கினது?"

"நான்தாங்க. உயிர் எப்படி உண்டாச்சுன்னு, சமையல் சொல்லித் தர்ற அந்த ஏ.ஐ. பேசும் பெட்டிகிட்ட கேட்டேன். கடல்ல இருந்து ஆரம்பிச்சு அழகாச் சொல்லிச்சு. மனசுக்குச் சரின்னு பட்டுது."

வென்ற கட்சிக்காரராக அவர் துள்ளியிருக்க வேண்டும். மாறாக, வயிறு எரிந்தது. ஆயிரம் கூட்டங்கள் கைதட்டிய வாதத்துக்கு அசையாதவள், உப்பும் புளியும் அளக்கும் பெட்டிக்கு அசைந்துவிட்டாளே!

"அதையேதானே நானும் சொன்னேன்?"

"நான் ஒரு கேள்வி கேட்டா, 'மூடநம்பிக்கை!'ன்னு மேசையைத் தட்டுவீங்க. அது பத்து நாளா, நான் காய் நறுக்கும்போதெல்லாம், கேட்டதுக்குப் பதில் சொல்லிச்சு."

செங்குட்டுவனார் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். படத்தை எடுத்துப் பழைய ஆணியில் தாமே மாட்டினார். திரியைத் தூண்டி விளக்கையும் ஏற்றினார்.

"ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் பத்து நாள் கும்பிடு, தெய்வானை" என்றார் அவர். "இந்த முறை என்னைக் கேள்."