தட்டக் கூடாத கல்

"இந்தக் கல்ல மூணாவது தடவையும் பேத்துப் பாத்துட்டேன்டி. அடியில கலவை கெட்டியா இருக்கு. எறும்பு நுழையக்கூட இடமில்ல."

"அப்புறம் ஏன் வெறும் பானை மாதிரி கேக்குது? உங்க தலையத் தட்டினாக்கூட இவ்வளவு காலியா கேக்காது."

கொத்தனார் சிரிக்கவில்லை. தூதரகத்தின் வரவேற்புக் கூடத்தில் அவரும் மனைவியும் இருபது நாட்களாகப் பளிங்குக் கல் பதித்திருந்தார்கள். பத்து மணிக்கு அதிகாரி கைத்தடியோடு வந்து ஒவ்வொரு கல்லாகத் தட்டுவார். ஒரு கல் காலியாகக் கேட்டாலும் கூடம் முழுவதையும் பெயர்க்கச் சொல்லிவிடுவார். இதற்கு முன் வேலை பார்த்த மாளிகையில் அப்படித்தான் நடந்தது. இன்னொரு முறை நடந்தால் பிறகு யாரும் இவர்களைக் கூப்பிடமாட்டார்கள்.

ஜன்னல் வெயில் அந்தக் கல்லின் மேல் பால் சிந்தியதுபோலக் கிடந்தது. கீழே அறை எதுவும் கிடையாது, மண்தான்.

வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. கொத்தனார் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். முதல் வரிசை நன்றாகவே ஒலித்தது. இரண்டாவதும் அப்படியே.

மனைவி கடைசியாக ஒருமுறை கலவை பூசும் கரணையின் பிடியால் மெல்லத் தட்டிவிட்டு, கல்லில் காதை வைத்தாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்த தாலாட்டு சட்டென்று நின்றது.

கைத்தடி நான்காவது வரிசைக்கு வந்துவிட்டது.

"அக்கா," என்றது கீழிருந்து ஒரு பெண்குரல், கிசுகிசுப்பாக. "புள்ள இப்பதான் கண்ணசந்தான். இந்த ஒரு கல்லை மட்டும் தட்டாம போகச் சொல்றீங்களா?"