நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு

சொட்டு பாதிவரை இறங்கியது.

நின்றது.

மறுபடி மேலே வந்து மிதந்தது.

டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். காலையிலிருந்து அந்த உதட்டையே பார்த்துப் பார்த்து, ரத்ததான முகாம் நடத்த வந்திருந்த அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் அது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டை அதில் விடுவார்கள். தெம்புள்ள ரத்தம் மூழ்கும். சத்தில்லாத ரத்தம் மிதக்கும். மிதந்தால் தானம் கொடுக்க முடியாது.

இந்தப் பனியன் கம்பெனியில் இன்றைக்கு நாற்பத்தொரு பெண்கள் விரலை நீட்டினார்கள். முப்பத்துநான்கு பேருக்கு மிதந்துவிட்டது.

ஒன்பது வருடமாக அவளுக்கு இதே பிழைப்பு. ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் வண்டியில் கட்டில்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். மைக்கைப் பிடிப்பாள். நீங்கள் கொடுப்பது ரத்தம் அல்ல, ஓர் உயிர். பயமே வேண்டாம், எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். கேட்கிறவர்களுக்குக் காது புளித்ததோ இல்லையோ, சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் புளித்துவிட்டது.

சொன்னால் ஆகிவிடுமா? ஆண்கள் அடுத்த தடவை பார்க்கலாம் என்று நழுவுவார்கள். தாமாக வந்து நிற்கிற பெண்களுக்கோ மிதக்கும். தெம்பிருக்கிறவனுக்கு மனசில்லை, மனசிருக்கிறவளுக்குத் தெம்பில்லை. இதை எந்த மைக்கில் போய்ச் சொல்வது?

சோர்வாக இருந்தது. இன்றைக்கு நேற்றைக்கு வந்த சோர்வு இல்லை.

இப்போது மிதந்துகொண்டிருப்பது துளசிமணியின் சொட்டு.

துளசிமணி ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவள். மூன்றாவது வருடமாக விரலை நீட்டுகிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் மகளைப் பெற்றுவிட்டு, போகிற உயிராகக் கிடந்தாளாம். யாரோ கொடுத்த ரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கொடுத்தது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தெரியாத யாருக்காவது தானும் ஒரு தடவை கொடுத்துவிட வேண்டும். துளசிமணிக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

முதல் வருடம் மிதந்தது. போன வருடமும் மிதந்தது. இவள்தான் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள்.

இந்த வருடம் மாத்திரையோடு முருங்கைக்கீரை, கொள்ளு, ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டு ஈரல். ஈரலில் பாதி மகளின் தட்டுக்குப் போய்விடும் என்பதைச் சிரித்துக்கொண்டே துளசிமணி சொன்னாள். தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதைச் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த ஆள் வந்து நின்றாள். துளசிமணி எழுந்திருக்கவில்லை. விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, காலியாகக் கிடந்த கட்டிலையே பார்த்தாள்.

"எனக்குக் குடுத்து வெக்கலீங்க்கா. போகட்டும். குடுக்கறப்ப எப்படிங்க்கா இருக்கும்? நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

குத்தலாகக் கேட்கவில்லை. கோயிலுக்குப் போக முடியாதவள், போய்வந்தவளிடம் கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.

எறும்பு கடித்த மாதிரி என்று சொல்ல இவள் வாயெடுத்தாள்.

வரவில்லை.

அவளுக்குத் தெரியாது.

ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கொடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எடை நாற்பத்திரண்டு கிலோ. கொடுக்கக் கூடாது என்றார்கள். அது நியாயம். அப்புறம் உடம்பு தேறியது. யாரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். எந்நேரமும் அசதியாக இருக்கிறதே, நமக்கு ஏது ரத்தம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தை ஒரு நாளும் நீலத் தண்ணீரில் விட்டுப் பார்த்ததில்லை.

வெட்கமாக இருந்தது.

துளசிமணியைக் கைப்பிடித்து எழுப்பினாள். அதே நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினாள்.

டெக்னீஷியன் நிமிர்ந்து பார்த்தார். விரலில் குத்தினார்.

மிதந்துவிடக் கூடாதா என்று உள்ளே ஒரு மனசு வேண்டிக்கொண்டது. பொய் சொல்வானேன், அப்படித்தான் வேண்டிக்கொண்டது.

சொட்டு விழுந்தது.

நிற்கவில்லை. நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

எடை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. காலையில் சாப்பிட்டாயிற்றா என்று டாக்டர் கேட்டார். நான்கு இட்லி. தப்பிக்க ஒரு வழியும் இல்லை.

கட்டிலில் படுத்தாள். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னவளுக்கு, படுத்துப் பார்த்தபோது கூரை ரொம்ப உயரத்தில் தெரிந்தது.

அமுக்குவதற்கான ரப்பர் பந்தை அவள் உள்ளங்கையில் வைத்தது துளசிமணி. மிஷினுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஊசி இறங்கியது.

துளசிமணி குனிந்தாள். கேட்ட கேள்வி இன்னும் முகத்திலேயே இருந்தது.

"வலிக்குது" என்றாள் படுத்திருந்தவள்.

சொல்லிவிட்டுப் பந்தை அமுக்கினாள். குழாய் மெல்லச் சிவந்தது.

துளசிமணி தலையாட்டினாள். பிறகு, தன் முழங்கையின் உட்பக்கத்தை மெதுவாக நீவிவிட்டுக்கொண்டாள்.